எல்-பேண்ட் ரேடியோமீட்டரோடு முதல் களப்பணி: மண் ஈரமும் கடல் உப்பும் அளக்க வருவோருக்கு

விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பொருத்தியிருக்கும் ரேடியோமீட்டருக்கு மண் ஈரம் என்றால் என்னவென்று தெரியாது. கடல் உப்பும் தெரியாது. கீழேயிருந்து எவ்வளவு நுண்ணலைக் கதிர்வீச்சு மேலே வருகிறது என்பதை மட்டும் கெல்வின் கணக்கில் சொல்லும். அந்த எண்ணுக்குப் பெயர் பொலிவு வெப்பநிலை. அதை ஈரமாகவோ உப்பாகவோ மாற்ற உதவுபவர்கள், தரையில் குச்சியும் தராசும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் விமானத்தைப் பார்த்து வருகிறார்கள். வந்த முதல் வாரம் கையில் கிடைப்பது மண் வளையமும் பிளாஸ்டிக் பையும். சலித்துக்கொள்ள வேண்டாம். தரவு தேறுமா தேறாதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

வேளாண் பொறியியல், புவியியல், இயற்பியல் படித்துவிட்டு இப்படியொரு குழுவில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள யாங்கோ பகுதி. முரும்பிட்ஜி ஆற்றுப் படுகையில் தட்டையான சமவெளி. பாசன வயல், மானாவாரிப் பயிர், மேய்ச்சல் நிலம் எல்லாம் கலந்து கிடக்கும். 2006-இல் நேஃபி என்ற பெயரிலும், 2010 முதல் ஸ்மாபெக்ஸ் என்ற பெயரிலும் இங்கே தொடர்ந்து விமான அளவைகள் நடந்தன. தரவும் களக்குறிப்பும் பொதுவில் இருப்பதால், கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு

விமானத்தைப் பற்றி யோசிக்கும் முன் இதைக் கையால் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ இயற்பியலில் ஒப்புமை விடுதிறன் படித்திருப்பீர்கள். நீருக்கு அது சுமார் 80. காய்ந்த மண்ணுக்கு 3, 4. இந்தப் பெரிய இடைவெளியை நம்பித்தான் இந்தத் துறையே நடக்கிறது.

நேர் கீழே பார்க்கும் ஆன்டெனாவுக்குச் சமதளத்தின் எதிரொளிப்பைக் கண்டுபிடிக்க, விடுதிறனின் வர்க்கமூலத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழித்ததை ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்த வேண்டும். விடுதிறன் 4 என்றால் மூன்றில் ஒன்று; வர்க்கம் 0.11. மீதி 0.89 உமிழ்திறன். மண் 300 கெல்வினில் இருந்தால் ரேடியோமீட்டர் பார்ப்பது சுமார் 267 கெல்வின். இப்போது விடுதிறனை 20 ஆக்குங்கள். உமிழ்திறன் 0.60, பொலிவு வெப்பநிலை 179 கெல்வினுக்கு இறங்கிவிடும்.

1980-இல் வெளியான டாப் சமன்பாட்டின்படி விடுதிறன் 4 என்பது கன அளவில் 5.5 சதவீத ஈரம், 20 என்பது 34.5 சதவீதம். ஆக 29 புள்ளி ஈரத்துக்கு 88 கெல்வின், அதாவது ஒரு புள்ளிக்கு மூன்று கெல்வின். வெறும் மண்ணுக்கு, அதுவும் மழமழவென்ற மண்ணுக்கு, இவ்வளவு தாராளமான சமிக்ஞை. உழுத கட்டியும் பயிரும் இதைக் கரைக்கும்; பயிர் எவ்வளவு கரைக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எல்-பேண்ட் ஏன்? இந்த நுண்ணலைப் பட்டையின் அலைநீளம் 21 சென்டிமீட்டர். மேகம் மறைக்காது, பயிர் ஓரளவுக்குத்தான் மறைக்கும், மண்ணின் மேல் 5 சென்டிமீட்டர் வரை தகவல் வரும். இன்னொரு காரணம் நிர்வாகம் சார்ந்தது. ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீசுவதால், 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. ரேடியோ வானியலாளர்கள் தங்களுக்காக வாங்கிய வேலிக்குள் நாமும் பயிர் வைத்துக்கொண்டோம்.

செயற்கைக்கோள் இருக்க விமானம் எதற்கு

ஐரோப்பாவின் ஸ்மாஸ் 2009 நவம்பரில் ஏவப்பட்டது. நாசாவின் ஸ்மாப் 2015 ஜனவரியில். இரண்டும் எல்-பேண்ட். ஸ்மாப்பின் ஆன்டெனா 6 மீட்டர் அகலம், சுற்றுப்பாதை 685 கிலோமீட்டர் உயரம். 21 சென்டிமீட்டரை 6 மீட்டரால் வகுத்து உயரத்தால் பெருக்கினாலே 24 கிலோமீட்டர் வந்துவிடும். சாய்வாகப் பார்ப்பது, கற்றையின் உண்மையான அகலம் எல்லாம் சேர்ந்து தரையில் ஒரு புள்ளி சுமார் 40 கிலோமீட்டர் ஆகிறது. உங்கள் குச்சியோ ஐந்தாறு சென்டிமீட்டர் மண்ணை அளக்கிறது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ‘செயற்கைக்கோள் தப்பு’ என்று எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். நடுவில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் விமானம்.

யாங்கோவில் பறந்த பிஎல்எம்ஆர் என்ற ரேடியோமீட்டருக்கு ஆறு கற்றைகள். பறக்கும் பாதைக்கு இருபுறமும் சுமார் 7, 21.5, 38.5 பாகையில் பார்க்கும். ஸ்மாபெக்ஸில் பறந்த பரப்பு ஏறத்தாழ ஒரு ஸ்மாப் கட்டத்தின் (தரவை அடுக்கும் சதுரத்தின்) அளவு, அதாவது 36 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த ஒரு கட்டத்தை ஒரு கிலோமீட்டர் துண்டுகளாக உடைத்துக் காட்டியது விமானம்.

பறக்கும் திட்டம்

தரைத் துண்டின், அதாவது ஒரு கற்றை ஒரே நேரத்தில் பார்க்கும் தரைப்பகுதியின், அளவு உயரத்தைப் பொறுத்தது. பிஎல்எம்ஆர் போன்ற கருவிக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். 3000 மீட்டரில் பறந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர், 150 மீட்டரில் 50 மீட்டர். இங்கே உயரம் என்றால் தரையிலிருந்து. கடல் மட்டத்திலிருந்து இல்லை. மலைப்பாங்கான இடத்தில் இதைக் கவனிக்காவிட்டால் துண்டின் அளவு பாதை நெடுக மாறிக்கொண்டே வரும்.

பக்கத்துப் பாதைகளின் துண்டுகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். இருபுறமும் பார்க்கும் கருவியாக இருந்தால், ஒரே வயலை ஒருமுறை சாய்வாகவும் ஒருமுறை நேராகவும் பார்க்கும் வாய்ப்பு அதில் கிடைக்கிறது. பயிரின் விளைவைப் பிரிக்க அது உதவும். உழவு சால் ஓடும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலோடு பார்ப்பதும் சாலுக்குக் குறுக்கே பார்ப்பதும் ஒரே எண்ணைத் தராது.

நேரம்: காலை 6 மணியை ஒட்டி. ஸ்மாஸும் ஸ்மாப்பும் உள்ளூர் நேரப்படி அப்போதுதான் கடக்கின்றன. விடியலில் மண்ணும் செடியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். கணக்கில் ஒரு தெரியாத எண் குறைகிறது. சிக்கல், விடியலில் இலையெல்லாம் பனித்துளி. நனைந்த இலை நனையாத இலை மாதிரி நடந்துகொள்வதில்லை. தடுக்க முடியாது, ஆனால் எத்தனை மணிக்கு இலை உலர்ந்தது என்று நோட்டில் எழுதி வைக்கலாம். ஒரு வருஷம் கழித்துத் தரவைத் திறக்கும்போது அந்த ஒரு வரிக்காகத் தவிப்பீர்கள்.

காலிபரேஷன்: ஏரிக்கு மேலே ஒரு சுற்று

ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பின்னும் கருவிக்கு இரண்டு முனைகள் காட்ட வேண்டும். சூடான முனைக்கு, நுண்ணலையை முழுதாக உறிஞ்சும் பொருள் பதித்த பெட்டி. அதன் வெப்பநிலையை வெப்பமானி வைத்து அளக்கிறோம். குளிர்ந்த முனைக்கு வெட்டவெளி வானம்; ஆன்டெனாவை மேலே திருப்பினால் சில கெல்வின்தான் வரும். பக்கத்தில் ஹேங்கர் சுவரோ மரமோ ஆட்களோ இருந்தால் ‘குளிர்ந்த’ வானத்தில் அவர்களின் சூடும் கலந்துவிடும். ஓடுதளத்தில் திறந்த மூலையாகப் பார்த்து இந்த வேலையைச் செய்யுங்கள்.

இது போதாது. தரையில் சரியாக இருந்த கருவி, குளிர்ந்த காற்றில் ஏறியதும் நகரும். அதனால் பறக்கும்போதே ஒரு நீர்ப்பரப்புக்கு மேல் போய் வர வேண்டும். யாங்கோக் குழுக்கள் கிரிஃபித் ஊருக்குப் பக்கத்தில் உள்ள வாங்கன் ஏரியைப் பயன்படுத்தின. தண்ணீரின் பொலிவு வெப்பநிலையைச் சமன்பாட்டில் கணக்கிட்டு, கருவி சொல்வதோடு ஒப்பிட வேண்டும். அந்தச் சமன்பாட்டுக்கு இரண்டே எண்கள் தேவை: நீரின் வெப்பநிலை, நீரின் உப்பு. மண் ஈரம் அளக்க வந்த ஆள் படகில் உட்கார்ந்து ஏரி உப்பை அளப்பது இதனால்தான். மண்ணும் கடலும் ஒரே கருவிக்குள் எப்படி வந்தன என்று கேட்பவர்களுக்கும் இதையே காட்டலாம்.

தரையில்: குச்சி, வளையம், தராசு

இந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தாலும் தகும்.

கையில் பிடிக்கும் ஈரமானிகள் மண்ணின் விடுதிறனை அளந்து ஈரமாக மாற்றிச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஹைட்ராப்ரோப், அமெரிக்கக் களங்களில் தீட்டாப்ரோப் அதிகம் புழங்கியவை. இரண்டிலும் முள் சுமார் 6 சென்டிமீட்டர். ஸ்மாபெக்ஸில் 250 மீட்டர் இடைவெளியில் புள்ளிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று முறை குத்தி அளந்தார்கள். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சராசரி எடுத்துவிட்டுப் போக வேண்டாம்; ஏன் என்று குனிந்து பாருங்கள். முள்ளுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்தால் ஈரம் குறைவாகக் காட்டும். களிமண் காய்ந்து வெடித்த வயலில் இது அன்றாடத் தொல்லை. வெடிப்பில் குத்தாமல் வெடிப்புகளுக்கு நடுவே உள்ள பாளத்தில் குத்த வேண்டும். செங்குத்தாக இறக்குங்கள், ஆட்டாதீர்கள்.

மேலே காய்ந்த பொருக்கு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டுக் குத்தும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது, முள் சுலபமாக இறங்கும் என்பதற்காக. கூடாது. ரேடியோமீட்டர் அந்தப் பொருக்கையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. சருகை ஒதுக்கலாம், மண்ணை ஒதுக்கக் கூடாது.

எந்த ஈரமானியையும் அப்படியே நம்பிவிட முடியாது. அந்தந்த மண்ணுக்கு அதைச் சரிபார்க்க வளையத்தில் மண் எடுத்து எடைபோட வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: வளையத்தின் உள்விட்டம் 7.5 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். கன அளவு 221 கன சென்டிமீட்டர். வளையத்தின் எடையைக் கழித்தபின் ஈரமண் 362 கிராம். 105 டிகிரி உலர்த்தும் அடுப்பில் 24 மணி நேரம் வைத்து எடுத்தால் 309 கிராம். போன நீர் 53 கிராம், அதாவது 53 கன சென்டிமீட்டர். 53-ஐ 221-ஆல் வகுத்தால் 0.24. இதுதான் கன அளவு ஈரம். 53-ஐ 309-ஆல் வகுத்தால் 0.17 வரும், அது எடை அளவு ஈரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்; பழைய வேளாண் அறிக்கைகளில் இருப்பது பெரும்பாலும் எடை அளவு, செயற்கைக்கோள் தருவது கன அளவு.

மாதிரியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, வயலிலிருந்து திரும்பிய அன்றே ஈர எடையைப் பார்த்துவிடுங்கள். பையின் வெளியே எழுதிய எண் வியர்வையிலும் சேற்றிலும் அழியும். உள்ளே ஒரு சீட்டும் போடுங்கள். பென்சிலால் எழுதினால் நனைந்தாலும் நிற்கும்.

மண் வெப்பநிலையும் வேண்டும், ஏனென்றால் பொலிவு வெப்பநிலை என்பதே உமிழ்திறனும் உண்மை வெப்பநிலையும் பெருக்கியதுதான். 300 கெல்வினில் இரண்டு கெல்வின் தவறினால் வெற்று மண்ணில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பிழை. ஆக இதில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

பாசனப் பகுதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. யாங்கோவுக்குப் பக்கத்தில் கோலியாம்பலி நெல் வயல்களில் தண்ணீர் நிற்கும். ஒரு கிலோமீட்டர் துண்டில் பத்தில் ஒரு பங்கு நின்ற நீராக இருந்தாலே பொலிவு வெப்பநிலை கணிசமாக இறங்கி, மற்ற வயல்களும் சொதசொதவென்று இருப்பதாகக் கணக்கு சொல்லும். எந்த வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று வரைபடத்தில் அன்றன்று வண்ணமடித்து வையுங்கள்.

பயிர் எவ்வளவு தின்றுவிடுகிறது

அரை மீட்டர் சதுரச் சட்டம் போட்டு, உள்ளே உள்ள செடியைத் தரையோடு வெட்டி, பச்சையாக ஒரு எடை, உலர்த்தி ஒரு எடை. வித்தியாசம்தான் செடியில் இருந்த நீர். அதை ஒரு சதுர மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சதுர மீட்டருக்கு 3 கிலோ நீர் என்று வைத்துக்கொள்வோம். எல்-பேண்டில் பயிர்களுக்கு இதை ஏறத்தாழ 0.1-ஆல் பெருக்கினால் தடிமன் 0.3. நுண்ணலைக்குப் பயிர் எவ்வளவு தடையாக நிற்கிறது என்பதைச் சொல்லும் இந்தத் தடிமனை டௌ என்கிறோம். 40 பாகைச் சாய்வில் பார்த்தால் மண்ணின் கதிர்வீச்சில் 68 சதவீதம் மட்டும் வெளியே வரும். செடியே கீழ்நோக்கி வீசும் கதிர்வீச்சும் மண்ணில் பட்டுத் திரும்புவதால், ஈரத்துக்கான உணர்வு அதன் வர்க்கமாக, 46 சதவீதமாகக் குறைகிறது. ஒரு புள்ளிக்கு மூன்று கெல்வின் இருந்தது ஒன்றரைக்கும் கீழே. சதுர மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டிய இடத்தில் ஸ்மாப் தன் துல்லிய இலக்கைக் கோருவதே இல்லை. காட்டுக்குள் போய் அளந்துவிட்டுச் சரியாக வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

திருட்டு ஒலிபரப்பு

விதி இருக்கிறது, ஆனால் எல்லோரும் மதிப்பதில்லை. ஸ்மாஸ் ஏறியவுடன் ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆசியா மேல் பெரிய பெரிய வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன; எல்லாம் பாதுகாக்கப்பட்ட அலைவரிசைக்குள் வந்து விழுந்த குறுக்கீடுகள். மண் எவ்வளவு சுட்டாலும் 330 கெல்வினைத் தாண்டிப் பொலிவு வர வழியில்லை; தாண்டினால் தூக்கி எறியுங்கள். அது சுலபம். பயப்பட வேண்டியது ஐந்து கெல்வின் கூட்டிவிட்டு அமைதியாக இருக்கும் குறுக்கீட்டுக்கு. அது மண்ணைக் காய்ந்ததாகக் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே இடத்தை எதிரெதிர்த் திசைகளில் பறந்து ஒப்பிடுவதும், எச்-போல், வி-போல் (கிடை, செங்குத்து முனைவாக்க அளவுகள்) இரண்டும் இயல்பான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் கண்டுபிடிக்க வழி.

ரேடார் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மாப்பில் ரேடியோமீட்டரோடு எல்-பேண்ட் ரேடாரும் இருந்தது. யாங்கோவிலும் அதற்காகவே விமானத்தில் ரேடார் ஏற்றினார்கள். விண்ணில் இருந்த ரேடார் 2015 ஜூலை 7-ஆம் தேதி நின்றுபோனது. அதே ஆண்டு மே மாத அளவையின்போது அது உயிரோடு இருந்தது, செப்டம்பர் அளவையின்போது இல்லை. எல்-பேண்ட் ரேடார் படிக்க விரும்பினால் இப்போது கதவு நிசார் செயற்கைக்கோள்: இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

கடலுக்குப் போனால்

கருவி அதே கருவி. கணக்குத்தான் கறார். மண்ணில் எண்பது, தொண்ணூறு கெல்வின் ஊசலாட்டம் இருந்தது. கடல் முழுவதும் 100 கெல்வினைச் சுற்றியே கிடக்கும். வெதுவெதுப்பான நீரில் உப்பு ஓர் அலகு (கிலோ நீருக்கு ஏறத்தாழ ஒரு கிராம்) மாறினால் பொலிவு வெப்பநிலை அரை கெல்வின் போல மாறும். குளிர்ந்த நீரில் அதில் பாதிதான். திறந்த கடலில் உப்பு 32-க்கும் 38-க்கும் நடுவில்தான் பெரும்பாலும் இருக்கிறது. 2011 முதல் 2015 வரை விண்ணில் பறந்த அக்வேரியஸ் என்ற உப்பு அளக்கும் கருவி 0.2 அலகு துல்லியத்துக்குக் குறிவைத்தது. அதற்காக ஒரு மாத அளவைகளைச் சராசரி எடுத்தது. ஒரு விமானம் ஒரு காலைப்பொழுதில் அதைச் செய்ய முடியாது.

அதனால் விமானத்தை ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுபோங்கள். மழைக்குப்பின் நன்னீர் கடலுக்குள் விரியும் இடத்தில் உப்பு 35-லிருந்து 20-க்கு இறங்கும். ஏழெட்டு கெல்வின் வித்தியாசம், எந்தக் கருவிக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுக் கடற்கரையில் ஹெர்பர்ட் ஆற்றின் நன்னீர் விரிவை விமான ரேடியோமீட்டர் வைத்து வரைந்தது இப்படித்தான். அமெரிக்காவின் செசபீக், டெலாவேர் கரைகளிலும் 1990-களில் செய்தார்கள்.

மூன்று தொல்லைகள். ஒன்று, காற்று: அலை எழும்பினால் பொலிவு கூடும், உப்பு குறைந்த மாதிரி தெரியும். காற்றுவேகம் அளக்காமல் கடலுக்குப் போகாதீர்கள். இரண்டு, சூரியன்: எல்-பேண்டில் அது லட்சக்கணக்கான கெல்வின். நீரில் பட்டுத் தெறிப்பது ஒரு கற்றைக்குள் விழுந்தாலும் அந்தப் பாதை போச்சு. மூன்று, ஆழம். எல்-பேண்ட் கடலில் மேல் ஒரு சென்டிமீட்டரைத்தான் பார்க்கிறது. படகில் இறக்கும் கருவியோ அரை மீட்டர், ஒரு மீட்டருக்குக் கீழே அளக்கும். அமைதியான நாளில் மழை பெய்தால் மேலே நன்னீர்ப் படலம் மிதக்கும். மேல்நீரை வாளியில் முகந்து அளப்பது நாகரிகமாகத் தெரியாது, ஆனால் பல சமயம் விலையுயர்ந்த கருவியைவிடப் பயன்படும்.

விமானம் கிடைக்கும்வரை

நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் ஸ்மாப் தரவும், அதற்காக அயோவா, மனிடோபா, அரிசோனாவில் நடந்த விமான அளவைகளின் தரவும் கிடைக்கும். பைத்தான் போதும். மண் ஈரக் கோப்பைத் திறந்ததும் முதலில் தரக்குறியைப் பாருங்கள். ‘பரிந்துரைக்கத்தக்கது’ என்று குறிக்காத புள்ளிகளை நீக்கிவிட்டு மீதியை வரையுங்கள்.

கடல் உப்புக்கு வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கை, பிரம்மபுத்திரா நன்னீர், பருவமழை முடிந்தபின் நம் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு பட்டையாகத் தெற்கே இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாருங்கள். ஸ்மாஸ் தரவு இந்தப் பக்கம் குறுக்கீட்டில் சிக்கியது, ஸ்மாப் மேல். ஸ்மாப்பின் உப்புத் தரவை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் ஒரு முறையிலும், ரிமோட் சென்சிங் சிஸ்டம்ஸ் (ஆர்எஸ்எஸ்) என்ற அமெரிக்க நிறுவனம் வேறு முறையிலும் கணக்கிடுகின்றன. ஒரே வாரத்துக்கு இரண்டையும் இறக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரையுங்கள். நடுக்கடலில் பெரும்பாலும் ஒத்துப்போகும். கரையை நெருங்க நெருங்க விலகும். 40 கிலோமீட்டர் துண்டுக்குள் நிலத்தின் கதிர்வீச்சு கலப்பதை யார் எப்படித் திருத்தினார்கள் என்பது அந்த விலகலில் தெரியும். அந்த இரண்டு தரவுகளின் விளக்கக் கையேட்டையும் அதற்குப் பிறகு படித்தால் விறுவிறுவென்று போகும்.